சட்டமா அதிபரும் பொறுப்புக்கூறலும்: எல்கடுவவிலிருந்து எழும் ஒரு வினா

மாத்தளை மாவட்டத்தின் உக்குவளையிலிருந்து கிழக்கு நோக்கி மலையேறும் வீதி எல்கடுவ என்னும் தோட்டப் பகுதியைச் சென்றடைகின்றது. 1848 யூலை 26ஆந் திகதி தம்புள்ளையிலே கண்டி மன்னனாக முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டா, கிளர்ச்சி முறியடிக்கப்பட்ட பின்னர் மறைந்திருந்ததும், செப்டெம்பர் 21ஆந் திகதி கைதானதும் அந்த எல்கடுவவிலேதான். மாத்தளைக் கிளர்ச்சியை வரிக்கொடுமைக்கெதிரான மக்கள் எழுச்சியாகவும், கோப்பிப் பெருந்தோட்டங்களின் பரவலால் நிலைகுலைந்த கிராமிய வாழ்வின் வெளிப்பாடாகவும் வரலாற்றாசிரியர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின், அக்கிளர்ச்சியை ஒடுக்கிய வேளையில் அரசின் தலைமைச் சட்ட அதிகாரி எங்கே நின்றார், அவருடைய சொல்லுக்கு என்ன மதிப்பிருந்தது என்னும் வினா அத்துணை கவனம் பெறவில்லை. இன்று சட்டமா அதிபர் பதவியைச் சூழ்ந்துள்ள சர்ச்சைகளை விளங்கிக்கொள்வதற்கு அவ்வினா பயன்தரும் தொடக்கமாக அமைகின்றது.

1. இரு தண்டனைகள்

நாய்வரி, துப்பாக்கி அனுமதிப்பத்திரக் கட்டணம், கடைவரி, வீதி அமைக்கும் கட்டாய உழைப்பு முதலியவற்றால் எழுந்த கொதிப்பு, 1848 யூலை இறுதியில் மாத்தளை, குருநாகல் பகுதிகளில் கிளர்ச்சியாக வெடித்தது. யூலை 29இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். அது ஒக்டோபர் 10 வரை நடைமுறையில் இருந்தது. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரான் அப்பு இராணுவ மன்றினால் விசாரிக்கப்பட்டு ஆகஸ்ட் 8இல் கண்டியிலே சுட்டுக்கொல்லப்பட்டார். அதே மாதத்தில் பௌத்த பிக்கு ஒருவரும் அவ்வாறே இராணுவ மன்றின் தீர்ப்பின்படி, காவியுடையுடன், சுட்டுக்கொல்லப்பட்டார்.

இப்பிக்குவின் வழக்கே நம் கவனத்துக்குரியது. அவர் குற்றமற்றவர் என்ற ஐயம் கண்டியின் சட்டத்தரணிகளிடையே நிலவியது. அவர்கள் அதனை அப்போது ‘இராணியின் அட்வகேற்’ எனப்பட்ட தலைமைச் சட்ட அதிகாரி எச். சி. செல்பியிடம் எடுத்துரைத்தனர். செல்பி தண்டனையைத் தள்ளிவைக்குமாறு தேசாதிபதியை வேண்டினார். வேண்டுகோள் மறுக்கப்பட்டது, தண்டனை நிறைவேறியது. தேசாதிபதி எத்தகைய சொற்களால் அதனை மறுத்தார் என்பது பின்னர் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கடுமையான விவாதப்பொருளாயிற்று. டொரிங்டன் 1850இல் திருப்பியழைக்கப்பட்டார்.

எல்கடுவவில் பிடிபட்ட கொங்காலேகொட பண்டாவின் கதி வேறு. அவர் நவம்பரில் கண்டியிலே சாதாரண நீதிமன்றத்தின் முன், அரசத் துரோகக் குற்றச்சாட்டின்பேரில் நிறுத்தப்பட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டபோதும், அது பின்னர் கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. அங்கே 1849 இறுதியில் அவர் இறந்தார். காலனித்துவ நீதியின் கருணைக்கு இதனைச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. கசையடியும் நாடுகடத்தலும் கருணையாகா. ஆயினும் கிளர்ச்சியின் மன்னன் உயிர் பிழைக்க, குற்றம் ஐயத்துக்கிடமான ஒரு துறவி உயிரிழந்தார். முன்னவருக்குக் கிடைத்த வழக்கு நடைமுறையும் காலமும் பின்னவருக்குக் கிடைக்கவில்லை என்பதே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு.

செல்பியின் நிலையை இங்குக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர் உண்மையை அறிய முயன்றார். அறிந்ததைச் சொல்லவுஞ் செய்தார். ஆனால் அவருடைய அறிவுரை மூடிய அறைக்குள் சொல்லப்பட்டது. அதனைப் புறக்கணித்தவர் அக்கணத்தில் எவருக்கும் காரணங் கூறவேண்டியிருக்கவில்லை. அதிகாரமில்லாத அறிவுரையின் அவலம் அது. இன்று நிலைமை ஏறத்தாழத் தலைகீழானது: சட்டமா அதிபரிடம் அதிகாரம் நிறைய உண்டு; அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தும்போது அவர் பொதுவெளியில் காரணங்கூற வேண்டிய நியதிதான் இல்லை.

2. பதவியின் வளர்ச்சி

இப்பதவியின் வேர் ஒல்லாந்தர் காலத்து ‘அட்வகேற் பிஸ்கால்’ என்னும் உத்தியோகத்தில் உள்ளது. பிரித்தானியர் முதலில் அப்பெயரையே கைக்கொண்டனர். பின்னர் அது அரசரின் அட்வகேற் எனவும், விக்ரோறியா அரியணையேறியபின் இராணியின் அட்வகேற் எனவும் வழங்கி, 1884 முதல் சட்டமா அதிபர் என்னும் பெயரைப் பெற்றது. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின்போது அமைக்கப்பட்ட நிருவாக சபையில் இவ்வதிகாரி ஓர் உறுப்பினராயிருந்தார். அதாவது, ஆட்சியாளருக்கு ஆலோசனை கூறுபவரும், ஆட்சியின் முடிவுகளில் பங்குகொள்பவரும், குற்றவாளிகளுக்கெதிராக வழக்கு நடத்துபவரும் ஒருவராகவே இருந்தனர். காலனித்துவ அரசுக்கு இது வசதியான ஏற்பாடாயிருந்தது எனலாம்.

சுதந்திரத்தின் பின் சட்டமா அதிபர் அமைச்சரவைக்கும் பாராளுமன்றத்துக்கும் புறம்பான அரச உத்தியோகத்தராக நிலைபெற்றார். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் வழக்குத்தொடுப்புக்கெனத் தனிப் பணிப்பாளர் பதவியொன்றை உருவாக்கியது. அப்பரிசோதனை நீடிக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்கீழ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் அதிகாரமும், தாக்கல் செய்த வழக்கைக் கைவிடும் அதிகாரமும் மீண்டும் சட்டமா அதிபரிடமே குவிந்தன.

3. ஒருவரிடம் மூன்று கடமைகள்

இன்றைய சட்டமா அதிபரின் கடமைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, அவர் அரசின் சட்ட ஆலோசகர். இரண்டாவது, அரசுக்கெதிராகத் தொடுக்கப்படும் வழக்குகளில் அரசுத்தரப்பின் வழக்கறிஞர். மூன்றாவது, மேல் நீதிமன்றக் குற்றவழக்குகளின் தலைமை வழக்குத்தொடுநர். இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடங்கள் பல.

சட்டமூலங்களை எடுத்துக்கொள்வோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 77ஆம் உறுப்புரையின்படி, வெளியிடப்படும் ஒவ்வொரு சட்டமூலத்தையும் பரிசீலித்து, அது விசேட பெரும்பான்மையின்றி நிறைவேற்றப்பட முடியாத ஏற்பாடுகளைக் கொண்டதா என்று ஆராய்தல் சட்டமா அதிபரின் கடமை. கொண்டிருப்பின், அக்கருத்தை அவர் சனாதிபதிக்கு அறிவித்தல் வேண்டும். பின்னர் குடிமக்கள் அச்சட்டமூலத்தை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கும்போது, அரசின் சார்பில் அதனை ஆதரித்து வாதிடுவதும் அவருடைய திணைக்களமே. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றில் கேள்விக்குட்படுத்த இந்நாட்டு யாப்பு இடமளிக்காமையால், இம்முன்பரிசீலனையின் முக்கியத்துவம் பன்மடங்காகின்றது.

அரசுத்தரப்பின் வழக்கறிஞர் என்ற நிலைக்குத் தமிழ் மக்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு கோடீஸ்வரன் வழக்காகும். கேகாலைக் கச்சேரியில் கடமையாற்றிய எழுதுவினைஞரான செ. கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டு, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1956ஆம் ஆண்டு அரசகருமமொழிச் சட்டம் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். உயர் நீதிமன்றம் 1967இல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்ற அடிப்படையில் அத்தீர்ப்பை மாற்றியது. 1969இல் பிரிவிக் கவுன்சில் அதனைத் தவறென்று கூறி, யாப்புப் பிரச்சினையை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது. ஆனால் அது ஒருபோதும் முடிவு காணவில்லை. 1972ஆம் ஆண்டு யாப்பில் 29ஆம் பிரிவே இல்லாதொழிந்தது.

இவ்வழக்கில் அரசுத்தரப்பு சட்டத்துக்குப் புறம்பாக எதனையுஞ் செய்யவில்லை. தன் கட்சிக்காரருக்குச் சாதகமான வாதத்தை முன்வைப்பது வழக்கறிஞரின் தொழில். ஆயினும், சட்டமா அதிபரின் கட்சிக்காரர் ஆட்சியிலிருக்கும் அமைச்சரவை மட்டுந்தானா, அல்லது தன் மொழியால் சம்பள ஏற்றத்தை இழந்த குடிமகனையும் உள்ளடக்கிய அரசா என்ற வினா இங்கு எழாமற் போகாது.

இதற்கு மாறான நல்வழக்கம் ஒன்றுங் குறிப்பிடத்தக்கது. சித்திரவதை செய்தனரெனக் குற்றஞ்சாட்டப்பட்ட பொலிசாருக்காக அடிப்படை உரிமை வழக்குகளில் தோன்றாதிருக்கும் வழக்கம் சட்டமா அதிபர் திணைக்களத்தில் வளர்ந்தது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சட்டத்தின்கீழ் அதே அதிகாரிகளுக்கெதிராக வழக்குத் தொடுக்க நேரலாம் என்பதே காரணம். கடமைகள் மோதும்போது ஒன்றிலிருந்து விலகிநிற்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் இது வழக்கமேயன்றிச் சட்டமன்று.

4. வழக்குத் தொடாமை என்னும் அதிகாரம்

வழக்குத் தொடுக்கும் முடிவு நீதிமன்றத்திலே பரிசோதனைக்குள்ளாகின்றது. சான்று போதாவிடின் எதிரி விடுதலையாவார். வழக்குத் தொடாதிருக்கும் முடிவோ, அல்லது தொடுத்ததைக் கைவிடும் முடிவோ, அவ்வாறு பரிசோதிக்கப்படுவதில்லை. ஆகவே பொறுப்புக்கூறல் பற்றிய உண்மையான சிக்கல் இங்கேதான் உறைகின்றது.

2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமற்போனமை தொடர்பாக விசேட மேல் நீதிமன்றில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அவ்வழக்கில் எதிரிகளுள் ஒருவரான முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டுக்களைத் தொடரப்போவதில்லை எனச் சட்டமா அதிபர் தரப்பு 2021 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அவர் குற்றவாளியா அல்லரா என்பது நம் ஆய்வுக்குரியதன்று. அதனைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். நாம் வினவுவது வேறு: முன்னர் வழக்குக்குப் போதுமெனக் கருதப்பட்ட சான்று பின்னர் போதாதெனக் கருதப்பட்டது எவ்வாறு? இதனை அறியும் உரிமை காணாமற்போனோரின் பெற்றோருக்கு உண்டா?

2009 ஜனவரியில் கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் வழக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. அவ்விசாரணையுடன் தொடர்புடைய சந்தேகநபர் மூவருக்கெதிராக மேல்நடவடிக்கை எடுக்கும் எண்ணமில்லை என்னும் சட்டமா அதிபரின் கடிதம் 2025 தொடக்கத்தில் வெளியானபோது, கொலையுண்டவரின் குடும்பத்தினரும் பத்திரிகையாளரும் கடுமையாக எதிர்த்தனர். சில நாட்களில் அம்முடிவு மீளப்பெறப்பட்டது. முதல் முடிவு சரியாயின் எதிர்ப்புக்காக அதனை மாற்றியது தவறு. இரண்டாவது முடிவு சரியாயின் முதல் முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பது விளக்கப்படல் வேண்டும். காரணங்கள் வெளியிடப்படாத இடத்தில், நேர்மையான முடிவுகூட அழுத்தத்தின் விளைவாகவே தோன்றும். அந்நிலை சட்டமா அதிபருக்கே தீங்கானது.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் விளக்கமறியலில் வைக்கப்பட்டவர், வழக்கு முடியும்வரை, சட்டமா அதிபரின் சம்மதமின்றி நீதவானால் விடுவிக்கப்பட முடியாதவராக நெடுங்காலம் இருந்தார். 2022ஆம் ஆண்டுத் திருத்தமே பிணைக்கு நீதிமன்ற வழியொன்றைத் திறந்தது. இச்சட்டத்தின்கீழ் குற்றப்பத்திரிகையை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்தோர் பலர். அவர்களைப் பொறுத்தவரை, தாமதித்தல் என்பதே ஒரு தண்டனையாயிற்று. அதிகாரம் படைத்தோர்க்கெதிராக வழக்குக் கைவிடப்படுவதும், ஏழை இளைஞனுக்கெதிராக வழக்குத் தொடங்கப்படாமலே காலங்கழிவதும், ஒரே மௌனத்தின் இரு முகங்கள்.

5. சுதந்திரமும் பதில்கூறும் கடப்பாடும்

இத்தகைய விமர்சனங்களுக்கு வழமையான மறுமொழி ஒன்றுண்டு: சட்டமா அதிபர் சுதந்திரமானவர்; அவரை எவருங் கேள்வி கேட்கலாகாது. இம்மறுமொழியில் இரு வேறு கருத்துக்கள் ஒன்றாகக் குழம்பியுள்ளன. பிறர் கட்டளைக்குப் பணியாமை சுதந்திரம். பிறருக்குக் காரணங்கூறாமை அதுவன்று.

இப்பதவியை நாம் இரவல் வாங்கிய இங்கிலாந்தின் வரலாறே இதனைத் தெளிவாக்கும். 1924இல் ‘வேர்க்கேர்ஸ் வீக்லி’ என்னும் பொதுவுடைமைப் பத்திரிகையின் ஆசிரியர் ஜே. ஆர். கம்பெல், தொழிலாளர்மீது சுடவேண்டாமெனப் படையினருக்கு விடுத்த அழைப்பை வெளியிட்டமைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டார். தொழிற்கட்சி அரசின் சட்டமா அதிபர் சேர் பற்றிக் ஹேஸ்ரிங்ஸ் அவ்வழக்கைக் கைவிட்டார். கைவிட்டது தவறென்று நாம் கருதவேண்டியதில்லை. ஆனால் அவர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று விளக்கங்கூற வேண்டியிருந்தது. அவ்விவாதத்தில் தோற்று அரசே வீழ்ந்தது. 1951இல் சட்டமா அதிபர் சேர் ஹாட்லி ஷோக்குறொஸ் அதே பாராளுமன்றத்தில் ஒரு நெறியை எடுத்துரைத்தார்: சட்டமா அதிபர் அமைச்சர்களிடம் தகவல் கேட்டறியலாம், முடிவு அவருடையதே, அவர்மீது அழுத்தம் செலுத்தலாகாது. அந்நெறி பொருளுடையதாயிருப்பது, அதனைக் கூறியவர் பாராளுமன்றத்துக்குப் பதில்கூறக் கடமைப்பட்டவர் என்பதாலேயே.

இலங்கையிலே சட்டமா அதிபர் பாராளுமன்ற உறுப்பினர் அல்லர். கட்சி அரசியலிலிருந்து பதவியைக் காப்பதற்கு அது நல்லதே. ஆயின் அவரைச் சபையிலிருந்து வெளியேற்றியபோது, சபையில் அவர் பதில்கூற வேண்டியிருந்த கடப்பாட்டையும் உடன் வெளியேற்றிவிட்டோம். அதனிடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை. நீதியமைச்சர் அது தம் முடிவன்று என்பார். சட்டமா அதிபர் தாம் சுதந்திரமானவர் என்பார். இவ்விருவர்க்குமிடையே குடிமகன் கேள்வியோடு நிற்கின்றான். இந்திய யாப்பு, 88, 177ஆம் உறுப்புரைகளின் மூலம், நடுவண் அரசின் தலைமை வழக்கறிஞரும் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் வாக்குரிமையின்றிச் சட்டமன்றங்களில் பேசுவதற்கு இடமளிக்கின்றது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

6. நீதிமன்றங்கள் வகுத்த எல்லை

எமது உயர் நீதிமன்றம் இவ்விடயத்தில் மௌனமாயிருந்ததில்லை. 1981இல் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்கும் கிராண்ட் சென்ட்ரல் கம்பனிக்கும் இடையிலான வழக்கில், பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன், சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் குடிமக்களுக்கும் ஒருங்கே கடமைப்பட்டவர், உண்மையை நிலைநாட்டுவதையே நோக்காகக் கொண்டு பக்கஞ்சாராது செயற்படவேண்டியவர் என்று வலியுறுத்தினார். தனியார் பிணக்குகளில் அவர் தோன்றுவது அப்பதவியின் தோற்றத்தை மாசுபடுத்தும் என்பதும் அத்தீர்ப்பின் கருத்து. 1998இல் விக்ரர் ஐவன் வழக்கில் உயர் நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. சட்டமா அதிபரின் தற்றுணிபு எல்லையற்றதன்று. அது பொதுநலனுக்காக நம்பிக்கைப் பொறுப்பாக அளிக்கப்பட்டது. தக்க வழக்கில் சமத்துவ உரிமையின் அடிப்படையில் அதனை நீதிமன்றம் மீளாயலாம் என்பது அங்கு ஏற்கப்பட்டது.

கொள்கை இவ்வாறிருப்பினும், காரணங்கள் தெரியாத முடிவை மீளாய்வது எங்ஙனம் என்பது நடைமுறைச் சிக்கலாகும். வேறு நாடுகள் இச்சிக்கலுக்கு இலகுவான வழி கண்டுள்ளன. இந்தியக் குற்றவியல் நடைமுறையில், தொடுத்த வழக்கிலிருந்து விலகுவதற்கு நீதிமன்றத்தின் இசைவு வேண்டும். 2000ஆம் ஆண்டில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது, அவரை மீட்பதற்காகத் தடா வழக்குக் குற்றச்சாட்டுக்களைக் கைவிட கர்நாடக அரசு முற்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் அதனை அனுமதிக்கவில்லை. அரசாங்கம் விரும்புகின்றது என்பது மட்டும் போதாது, வழக்குத்தொடுநர் தாமே சிந்தித்து முடிவுசெய்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2010ஆம் ஆண்டுக் கென்ய யாப்பு, வழக்குத்தொடுப்பைச் சட்டமா அதிபரிடமிருந்து பிரித்துத் தனிப் பணிப்பாளரிடம் ஒப்படைத்ததுடன், நீதிமன்ற அனுமதியின்றி வழக்கைக் கைவிடலாகாது எனவும் விதித்தது. இங்கிலாந்தில் 2013 முதல், வழக்குத் தொடுப்பதில்லை என்ற முடிவை மீளாயுமாறு கோரும் உரிமை பாதிக்கப்பட்டோருக்கு உண்டு. இலங்கையின் 1979ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் 194ஆம் பிரிவோ, சட்டமா அதிபர் தக்கதெனக் கருதினாற் போதும் என்கின்றது.

7. நியமனமும் நீக்கமும்

கடந்த கால் நூற்றாண்டின் சீர்திருத்த முயற்சிகள் பெரும்பாலும் நியமனத்தையே சுற்றிவந்துள்ளன. 2001ஆம் ஆண்டின் 17ஆம் திருத்தம் இந்நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தை வேண்டியது. 2010இல் 18ஆம் திருத்தம் அதனை அகற்றியது. 2015இல் 19ஆம் திருத்தம் மீட்டது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் அகற்றியது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் மீட்டது. 2024இல் பதவியிலிருந்த சட்டமா அதிபரின் சேவைக்காலத்தை நீடிக்கச் சனாதிபதி முன்வைத்த பிரேரணையை அப்பேரவை ஏற்கவில்லை. பதவி நீக்கத்தைப் பொறுத்தவரை, 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் விசாரணைக் குழுவின் அறிக்கையும் பாராளுமன்றத் தீர்மானமுமின்றி நீக்கமுடியாதவாறு பாதுகாக்கின்றது. 2025 ஆகஸ்டில் பொலிஸ் மா அதிபர் ஒருவர் அச்சட்டத்தின்கீழ் நீக்கப்பட்டமையால், அது ஏட்டுச் சட்டமன்று என்பது புலனாயிற்று.

இவை யாவும் வேண்டப்படுவனவே. எனினும் நியமனம் வாயிலில் நிற்கும் காவல். நீக்கம் பேரழிவின்போது இழுக்கும் சங்கிலி. இவ்விரண்டுக்கும் இடையே, நாள்தோறும் எடுக்கப்படும் முடிவுகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடுதான் இல்லாதிருப்பது. ஒரு வழக்கைக் கைவிட்டமைக்காகச் சட்டமா அதிபரைப் பதவிநீக்குவது அவருடைய சுதந்திரத்தை அழிக்கும். ஏன் கைவிட்டார் என்று கேட்பது அதனை அழிக்காது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, குறைந்தபட்சம் நான்கு மாற்றங்கள் அவசியமென்பது புலனாகும். குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்கைக் கைவிடுவதற்கு நீதிமன்றத்தின் இசைவு பெறப்படல் வேண்டும். பாரதூரமான குற்றங்களில் வழக்குத் தொடாமைக்கான காரணம் பாதிக்கப்பட்டோருக்கு எழுத்தில் வழங்கப்படல் வேண்டும். முடிவுகளை வழிநடத்தும் நெறிகளும், ஆண்டுதோறும் கைவிடப்பட்ட, தாமதமான வழக்குகளின் கணக்கும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படல் வேண்டும். அரசின் வழக்கறிஞர் பணியும் வழக்குத்தொடுநர் பணியும் காலப்போக்கில் வெவ்வேறு கைகளுக்குச் செல்லுதல் வேண்டும். ஆனால் நான்காவதை மட்டுஞ் செய்து ஏனையவற்றை விட்டால், மௌனங்காக்கும் அதிகாரி ஒருவருக்குப் பதிலாக இருவரைப் பெறுவோம்.

காரணங்கூறும் கடமை மேலைநாட்டிலிருந்து வந்த புதுமையன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் செய்த பிழை, ஆராயாது தண்டித்தமை. ஆயினும் வழக்காட வந்த பெண்ணை அவன் அவையில் ஏற்றான், சான்றைப் பார்த்தான், தன் பிழையை அங்கேயே ஒப்புக்கொண்டான். நூல் அவனை முற்றாக இகழாது விடுவதற்கு அதுவே காரணம் எனலாம். 1848இல் கண்டியில் அத்தகைய அவை கூடவில்லை. அறிந்தவரின் சொல் தேசாதிபதியின் அறைக்குள் அடங்கிப்போயிற்று. இன்று காணாமற்போனோரின் தாயும், குற்றப்பத்திரிகையின்றிச் சிறையிருந்தவனும் கேட்பது, தாம் விரும்பிய முடிவையன்று. எடுக்கப்பட்ட முடிவுக்கான காரணத்தை. அதனைச் சொல்லும் கடமையைச் சட்டம் விதிக்கும்வரை, சட்டமா அதிபரின் சுதந்திரம் அவரை ஆட்சியாளரிடமிருந்து காப்பதைவிட, ஆட்சியாளரை மக்களிடமிருந்து காப்பதற்கே பெரிதும் பயன்பட்டுக்கொண்டிருக்கும்.